நாற்பத்தாறு வயதில் வெளிநாட்டு உளவியல் படிப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் உளவியல் முதுகலை படிக்க விரும்புவோருக்கான வழிகாட்டிக் கட்டுரை ஒன்றைத் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் அண்மையில் படித்தேன். பல்கலைக்கழகங்களின் பெயர்கள், கட்டணங்கள், விண்ணப்பிக்க வேண்டிய மாதங்கள் எல்லாம் அதில் ஒழுங்காகத் தரப்பட்டிருந்தன. ஆனால் படிக்கப் போகிறவருக்கு இருபத்திரண்டு வயதுதான் இருக்கும் என்று கட்டுரையாளர் தாமாகவே முடிவு செய்துவிட்டார். எனக்கு நாற்பத்தாறு. வேலூர் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இருபது ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பிக்கிறேன். தொலைநிலைக் கல்வி வழியாக உளவியலில் முதுகலைப் பட்டமும் பெற்றிருக்கிறேன். மேற்கொண்டு எந்த நாட்டில் எந்தப் பட்டம் படிப்பது என்று ஓராண்டாக அலைந்து அறிந்தவற்றை, என் வயதை ஒத்த வாசகர்களுக்குப் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

எங்கள் பள்ளியில் ஆலோசகர் என்று தனிப் பணியிடம் கிடையாது. பொதுத்தேர்வு நெருங்கும் நாட்களில் ஆசிரியர் ஓய்வறை வாசலில் வந்து நின்று, “மிஸ், நெஞ்சு படபடன்னு அடிக்குது, படிச்சது எதுவும் நிக்கல” என்று சொல்லும் பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்தது. அவர்களில் ஓரிருவரைப் பெற்றோருடன் பாகாயத்து மனநல மையத்துக்கும் அழைத்துச் சென்றிருக்கிறேன். என் சிறு வயதில் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லியே ஒருவரை ஒருவர் கேலி பேசிக்கொள்வோம். நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கியிருக்கும் அந்த மையத்தில், உளவியலாளர் ஒருவர் ஒரு தாய்க்கு அவருடைய மகளின் நிலையை அவருக்குப் புரியும் தமிழில் பொறுமையாக விளக்கியதைப் பக்கத்தில் இருந்து கேட்ட அன்றுதான், இதை முறையாகக் கற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

காட்பாடியில் உள்ள வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிறுவனம் ஒன்றுக்குச் சென்றேன். வரவேற்பில் இருந்த பெண் முதலில் கேட்டதே, “பொண்ணு வரலையா மேடம்?” என்பதுதான். படிக்கப் போவது நான்தான் என்றதும் ஒரு கணம் விழித்து, பிறகு உள்ளே அனுப்பினார். உள்ளே இருந்த இளைஞர், பதிவுக் கட்டணமாகப் பதினைந்தாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, ஆஸ்திரேலியாவில் ஈராண்டு முதுகலை ஒன்றைப் பரிந்துரைத்தார். “முடிச்சதும் அங்கேயே வேலை பார்க்க விசா கெடச்சிடும் மேடம்” என்றும் சொன்னார். ஏன் படிக்க விரும்புகிறேன் என்று என் பெயரில் அவர் எழுதித் தந்த நோக்க அறிக்கை, ‘அண்மையில் இளங்கலைப் படிப்பை நிறைவு செய்த நான்’ என்று தொடங்கியது. என் இளங்கலைப் பட்டச் சான்றிதழின் ஓரம் பழுப்பேறியிருக்கிறது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அந்நாட்டு அரசின் இணையதளத்தை நானே படித்தபோதுதான் உண்மை தெரிந்தது. படித்து முடித்தவர்கள் தங்கி வேலை பார்ப்பதற்கான 485 எண் விசாவுக்கு இருந்த ஐம்பது வயது வரம்பை, ஆஸ்திரேலிய அரசு 2024 ஜூலை 1 முதல் முப்பத்தைந்தாகக் குறைத்துவிட்டது. ஆய்வு வழி முதுகலையோ முனைவர் பட்டமோ முடித்தவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் ஐம்பது என்பது நீடிக்கிறது. மதிப்பெண் அடிப்படையிலான குடியேற்ற விசாவுக்கோ நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். கனடாவிலும் நாற்பத்தைந்தை எட்டியவருக்கு, விரைவுக் குடியேற்றத் (எக்ஸ்பிரஸ் என்ட்ரி) தரவரிசையில் வயதுக்கான மதிப்பெண் பூஜ்யம். என் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே அந்த இளைஞர் இதில் ஒன்றையும் சொல்லவில்லை. பதிவுக் கட்டணமும் திரும்ப வரவில்லை.

என் கணவர் ராணிப்பேட்டைத் தோல் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பார்க்கிறார். அவர் சொன்னது எனக்குப் பெரிய தெளிவைத் தந்தது: “சரக்கு எந்த நாட்டுக்குப் போகுதோ அந்த நாட்டுச் சோதனையிலதான் அது தேறணும். நீ எந்த ஊர்ல போர்டு மாட்டப் போற, அதை மொதல்ல சொல்லு.” உளவியலைப் பொறுத்தவரை இது மிகச் சரி. பட்டம் ஒரு நாடு கொடுப்பது. அதை வைத்துப் பிறருக்குச் சிகிச்சை அளிக்கும் உரிமம், தொழில் செய்யும் நாட்டின் சட்டம் கொடுப்பது.

அமெரிக்காவில் ‘சைக்காலஜிஸ்ட்’ என்று உரிமம் பெறப் பெரும்பாலான மாநிலங்களில் முனைவர் பட்டம் வேண்டும். அதில் இரண்டு வகை உண்டு. ஆய்வும் சிகிச்சையும் ஒருங்கே பயிலும் பி.எச்டி., 1949இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் நடந்த மாநாட்டில் வகுத்த முறைப்படி நடப்பது. சிகிச்சைப் பயிற்சியை முதன்மையாகக் கொண்ட சை.டி. (Psy.D.) பட்டத்துக்கு 1973இல் அதே மாநிலத்தின் வெயில் (Vail) நகரில் கூடிய மாநாடு ஒப்புதல் அளித்தது. பி.எச்டி. மாணவருக்குப் பெரும்பாலும் கட்டண விலக்கும் உதவித்தொகையும் கிடைக்கும், ஆனால் இடம் கிடைப்பது அரிது. சை.டி.க்குப் பெரும்பாலும் கைப்பணத்தையோ கடனையோதான் நம்ப வேண்டும். இரண்டுமே ஓராண்டு முழுநேரப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தாறு ஆண்டுகளை எடுத்துக்கொள்ளும். அறுபது வயதில் ஓய்வுபெறும் தமிழ்நாட்டு ஆசிரியை நான். இந்தப் பாதையை ஒரே மாலையில் ஒதுக்கிவிட்டேன்.

என்னைப் பல வாரங்கள் மயக்கியது அங்குள்ள ஆலோசனைத் துறை முதுகலைப் பட்டம். பெரும்பாலும் அறுபது பாட அலகுகள், இரண்டிலிருந்து மூன்று ஆண்டுகள். காக்ரெப் என்னும் அமைப்பின் தர அங்கீகாரம் பெற்ற படிப்பாக இருந்தால், தொடக்கப் பயிற்சியாக நூறு மணி நேரமும் அதன்பின் களப்பயிற்சியாக அறுநூறு மணி நேரமும் ஆட்களோடு பழகிக் கற்கலாம். நான் தேடியது இதைத்தான். ஆனால் பட்டம் வாங்கிய மறுநாளே அங்கே முழு உரிமம் கிடைத்துவிடாது. கலிபோர்னியாவில் மேற்பார்வையின் கீழ் மூவாயிரம் மணி நேரம் பணியாற்ற வேண்டும், அதையும் 104 வாரங்களுக்குக் குறையாமல் பரப்பிச் செய்ய வேண்டும். டெக்சாஸிலும் மூவாயிரம் மணி நேரம்தான். குறைந்தது பதினெட்டு மாதங்கள். மாணவர் விசாவில் படித்து முடிக்கும் வெளிநாட்டவருக்கோ, துறைசார் பணிக்குக் கிடைக்கும் அனுமதி பன்னிரண்டு மாதங்கள்தான். அறிவியல், பொறியியல் படித்தவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் இருபத்துநான்கு மாதங்கள் ஆலோசனைப் படிப்புக்குப் பொருந்துவதில்லை. வேறு விசா அளித்து வேலைக்கு வைத்துக்கொள்ள ஒரு நிறுவனம் முன்வராவிட்டால், பாதி மணி நேரக் கணக்கோடு விமானம் ஏற வேண்டியதுதான். அந்தப் பாதிக் கணக்குக்கு வேலூரில் ஒரு மதிப்பும் இல்லை.

இங்கிலாந்தின் நிலை வேறு. உளவியலை முதல் பட்டமாகப் படிக்காதவர்களுக்கென்றே ஓராண்டு ‘கன்வெர்ஷன்’ எம்.எஸ்சி. அங்கே உண்டு. பிரிட்டிஷ் உளவியல் கழகத்தின் அங்கீகாரம் பெற்ற அத்தகைய படிப்பை உரிய தகுதியோடு முடித்தால், அக்கழகத்தின் பட்டய (சார்ட்டர்டு) உறுப்பினர் நிலைக்கான அடிப்படைத் தகுதி கிடைக்கிறது. அது அடித்தளம் மட்டுமே. ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ என்ற பெயர் 2009 முதல் அந்நாட்டில் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. அதற்கு மூன்றாண்டு முனைவர் பயிற்சியும் எச்.சி.பி.சி. என்னும் ஒழுங்குமுறைக் குழுவின் பதிவும் வேண்டும். அந்தப் பயிற்சி இடங்களில் பெரும்பாலானவை அரசு மருத்துவ சேவையின் ஊதியத்தோடு வருபவை என்பதால், வெளியிலிருந்து வருபவருக்கு எளிதில் கிட்டுவதில்லை. குடும்பம் உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2024 ஜனவரி முதல், பாட வழி முதுகலை படிப்பவர்கள் கணவனையோ மனைவியையோ பிள்ளைகளையோ பொதுவாகச் சார்ந்தோர் விசாவில் அழைத்துச் செல்ல முடியாது. இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு இது ஒரு செய்தியே அல்ல. கணவரையும் எண்பது வயது மாமியாரையும் வீட்டில் விட்டுச் செல்ல வேண்டிய எனக்கு இதுதான் முதல் செய்தி. படித்தபின் தங்கும் கால அளவும், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு இரண்டு ஆண்டுகளிலிருந்து பதினெட்டு மாதங்களாகக் குறைகிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். திரும்பி வந்து ‘மருத்துவ உளவியலாளர்’ என்று பலகை மாட்ட நினைப்பவர்கள் 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. மருத்துவ உளவியலாளர்களைப் பதிவுசெய்யும் இந்திய மறுவாழ்வுக் கழகம் (ஆர்.சி.ஐ.) ஒப்புக்கொண்ட, மேற்பார்வையிலான சிகிச்சைப் பயிற்சியுடன் கூடிய ஈராண்டு முழுநேர எம்.ஃபில். படிப்பையே அந்தச் சட்டம் முதன்மையாகக் குறிப்பிடுகிறது. வெளிநாட்டு எம்.எஸ்சி. நம் நாட்டு முதுகலைக்கு இணையானது என்று சான்று பெறுவது வேறு, அக்கழகத்தின் பதிவு பெறுவது வேறு. முன்னது பின்னதைத் தராது. இதற்கிடையே, பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டின் விதிகளால் எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்திவிட்டு, மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு அளித்தது. எனவே இந்தப் பாதையில் செல்ல எண்ணுபவர்கள் மறுவாழ்வுக் கழகத்தின் அப்போதைய அறிவிப்பைப் பார்த்த பிறகே எதையும் முடிவு செய்ய வேண்டும். என்னைப் போல் வேலையையும் விடாமல் தொலைநிலையில் உளவியல் படிக்கும் வாய்ப்பும் 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து மூடப்பட்டுவிட்டது. அஞ்சலில் மட்டுமே படித்த ஒருவர் சிகிச்சை அளிக்கக் கூடாது என்பது நியாயமே. ஆனாலும் குடும்பப் பெண்கள் பலருக்கு இருந்த ஒரே கதவு அதுதான் என்பதையும் சொல்ல வேண்டும்.

நடைமுறைச் சிக்கல்களையும் வழிகாட்டிக் கட்டுரைகள் தொடுவதில்லை. நான் 2001இல் ஆங்கில முதுகலை முடித்தபோது வட ஆற்காட்டுக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. திருவள்ளுவர் பல்கலைக்கழகம் அதற்கு அடுத்த ஆண்டுதான் உருவானது. ஆகவே மதிப்பெண் பிரதிக்காகச் சேப்பாக்கத்துக்கு மூன்று முறை ரயில் ஏறினேன். பரிந்துரைக் கடிதம் தர வேண்டிய என் பேராசிரியர்களில் ஒருவர் காலமாகிவிட்டார். இன்னொருவர் எழுபத்தெட்டு வயதில் குடியாத்தத்தில் இருக்கிறார். மின்னஞ்சல் முகவரி கிடையாது. கல்லூரி முகவரியிலிருந்து வரும் மின்னஞ்சலைத்தான் ஏற்போம் என்று எழுதிய பல்கலைக்கழகத்துக்கு நான் விளக்கம் எழுதி, என் தலைமையாசிரியரின் கடிதத்தை ஏற்கும்படி கேட்டுக்கொண்டேன். ஏற்றுக்கொண்டார்கள். கேட்டால் கிடைக்கிறது, கேட்கலாம் என்பதை யாரும் சொல்வதில்லை.

இவ்வளவையும் எண்ணிப் பார்த்து, இங்கிலாந்தின் ஓராண்டு எம்.எஸ்சி.க்கே, அதுவும் குழந்தை வளர்ச்சி உளவியலுக்கு, விண்ணப்பித்திருக்கிறேன். அது எனக்கு எந்த உரிமமும் தராது என்று தெரிந்தே விண்ணப்பித்தேன். நான் திரும்பி வரப் போவது என் பள்ளிக்குத்தான். இன்னும் பதினான்கு ஆண்டுப் பணி மிச்சமிருக்கிறது. எந்தப் பிள்ளையின் பிரச்சினையை நானே பேசித் தீர்க்கலாம், எந்தப் பிள்ளையை அன்றைக்கே பாகாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று பிரித்தறியும் தேர்ச்சி எனக்குப் போதும். வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்காமல், வைப்பு நிதியிலும் நகையிலும் முடியும் அளவுக்குத்தான் செலவு என்பதும் ஒரு காரணம். சிகிச்சை அளிக்கும் உளவியலாளராகவே ஆக வேண்டும் என்று இதே வயதில் ஒருவர் என்னிடம் கேட்டால், விமானத்தை மறந்துவிட்டு, இங்கேயே மறுவாழ்வுக் கழகத்தின் ஒப்புதல் பெற்ற படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதச் சொல்வேன்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி வெளியிடும் வழிகாட்டிக் கட்டுரைகளில் ஒவ்வொரு படிப்பின் கட்டணத்துக்குப் பக்கத்திலேயே, அந்தப் பட்டம் எந்த நாட்டில் தொழில் செய்யும் உரிமைக்கு இட்டுச் செல்கிறது, படித்தபின் தங்குவதற்கு வயது வரம்பு உண்டா, குடும்பத்தை அழைத்துச் செல்லலாமா என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள். கட்டுரையின் கீழே ஆலோசனை நிறுவனங்களின் விளம்பரம் வருவதில் எனக்கு மறுப்பில்லை. அந்த விளம்பரத்தில் உள்ள எண்ணை அழைக்கும் முன் வாசகர் இந்தத் தகவல்களைப் படித்திருந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
சத்துவாச்சாரி, வேலூர்.