அண்ணா, காக்கைக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்

அண்ணா,

அம்மாவின் முதல் திதி முடிந்த கையோடு, நமக்கு ரத்த உறவில்லாத பெரியம்மாவை என் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். உன்னிடம் முன்கூட்டியே சொல்லாததற்கு மன்னித்துக்கொள். சொல்லியிருந்தால், முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடு, மாதாமாதம் பணம் கட்டுகிறேன் என்றிருப்பாய். நானும் சரி என்றிருப்பேன். அதனால்தான் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி வராண்டாவில் அன்று ராத்திரி நீ சொன்னது இன்னும் எனக்குள் அறுக்கிறது. உள்ளே பெரியம்மா கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருந்தார். அம்மா முனகும்போதெல்லாம் எழுந்து, ஸ்பூனால் வெந்நீர் புகட்டி, வாயைத் துடைத்துவிட்டு மறுபடி படுப்பார். கதவிடுக்கில் அதைப் பார்த்தபடியே நீ சொன்னாய்: “குயில் குஞ்சுக்குக் காக்கை ஊட்டுகிற மாதிரிதான் இதுவும்.” அப்புறம் உயிரியலாளர் ஹாமில்டனின் 1964ஆம் வருடத்துக் கணக்கு: நம் மரபணுவில் ஒருவருக்கு எவ்வளவு பங்கோ, அதைப் பொறுத்தே அவருக்கு உதவும் குணம் வளரும் என்பது. உடன்பிறந்தவருக்குப் பாதி, அத்தை பிள்ளைக்கு எட்டில் ஒன்று, பக்கத்து வீட்டுக்காரருக்குப் பூஜ்யம். உன் கண்கள் சிவந்திருந்தன. அழாமல் இருக்கத்தான் கணக்குச் சொல்கிறாய் என்று எனக்குப் புரிந்தது. கொல்லை வேப்பமரத்தில் காக்கைக் கூட்டைக் காட்ட என்னைத் தோளில் தூக்கியவன் நீ. உயிரியல் எனக்குப் பிடித்ததே உன்னால்தான்.

ஆனால் பெரியம்மா காதில் விழும்படி சொன்னாயே! அதை என்னால் மறக்க முடியவில்லை.

கணக்கு தப்பென்று நான் சொல்லவில்லை. பாசம் எப்படி உண்டானது என்பதை அது நன்றாகவே விளக்குகிறது. உண்டான பாசம் யாரோடு நிற்க வேண்டும் என்று அது எங்கே சொல்கிறது? தன் கூட்டில் வாய் திறந்த குஞ்சுக்குக் காக்கை ஊட்டுகிறது. அது யாருடைய குஞ்சு என்று அதற்குத் தெரியாது, ஏமாறுகிறது. பெரியம்மாவுக்கு அம்மா யாரென்று தெரியும். அவர் யாரென்று எனக்கும் தெரியும். தெரிந்தே செய்வதை ஏமாறுவது என்று எப்படிச் சொல்வாய்?

ஜார்ஜ் பிரைஸ் கதையையும் அன்று இழுத்தாய். அந்தக் கணக்கைப் பொதுவான சமன்பாடாக்கி 1970இல் வெளியிட்டவர், லண்டனில் வீடற்றவர்களைத் தன் வீட்டில் தங்கவைத்து, இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டு, 1975 ஜனவரியில் தற்கொலை செய்துகொண்டார். நல்லவனாக இருக்கப் பார்த்தால் இதுதான் கதி என்றாய். அவருக்குக் கடுமையான மனச்சோர்வு இருந்ததை ஏன் விட்டுவிட்டாய்? அதே வருடம் ஹாமில்டன் அந்தச் சமன்பாட்டை வைத்தே, பிறருக்கு உதவும் குணம் வளரக் குடும்ப உறவு கட்டாயமில்லை என்று எழுதினாரே, அதையும் நீதானே படித்திருப்பாய்? உனக்கு வேண்டிய பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிட்டாய், அண்ணா.

பெரியம்மாவுக்கு முழங்கால் வலி அதிகம், படி ஏற முடியவில்லை. கீழ் அறையைக் கொடுத்திருக்கிறேன். உன்னைத்தான் தினமும் விசாரிக்கிறார், பிள்ளை சாப்பிட்டானா என்று. எனக்கு அது கோபமாகக்கூட வருகிறது. பணம் அனுப்பாதே. பொங்கலுக்கு வந்து அவர் முன்னால் உட்கார்.

உன் தங்கை