கூரையை மாற்றிக் கொடுங்கள்: நூலக அதிகாரிகளுக்கு ஒரு வாசகனின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். நீலகிரியில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் கூரை ஒழுகுவது உங்களுக்குத் தெரியும். மூன்று மனு கொடுத்தாயிற்று. போன வாரம் நான்காவது மனுவோடு வந்தபோது, "நனையறது கிரைம் நாவல்தானே, போனா போகட்டும்" என்று பதில் சொன்னார்கள். அந்தப் பதில்தான் என்னை இதை எழுத வைத்தது.

ஒழுகல் விழுவது ராஜேஷ்குமார் நாவல்கள் இருக்கும் அலமாரியின் மேல். கோவையில் இருந்துகொண்டு 1500 நாவல்களுக்கு மேல் எழுதியவர். எட்டாம் வகுப்போடு நின்று, தேயிலை ஃபேக்டரியில் நைட் ஷிப்ட் பார்த்த எனக்கு வாசிப்பைப் பழக்கியவர் அவர்தான். கதையை இரண்டு தடத்தில் ஓட்டுவார். ஒரு அத்தியாயத்தில் துப்பறியும் விவேக், அடுத்ததில் சம்பந்தமே இல்லாத ஒரு குடும்பம். இரண்டும் எங்கே சேரும் என்று தவித்துக்கொண்டே போவோம். கடைசியில்தான் முடிச்சு அவிழும்.

ஐப்பசி மழையில் முதலில் போவதும் அந்தக் கடைசிப் பக்கங்கள்தான். பின்னட்டை கிழிந்த புத்தகங்கள், ஈரம் அந்தப் பக்கமாகவே ஏறுகிறது. சென்ற மாதம் எடுத்த நாவலில் கடைசித் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஸ்டீல் ஸ்கேலை விட்டு மெதுவாகப் பிரித்தேன். எழுத்து உரிந்து எதிர்ப்பக்கத்தில் இடம்வலம் மாறிப் பதிந்திருந்தது. முகம் பார்க்கும் கண்ணாடியில் காட்டி வரிவரியாகப் படித்தேன். கொலையாளியின் பெயர் வர வேண்டிய இடத்தில் பூஞ்சணம்.

கூரையை மாற்றிக் கொடுங்கள். அதுவரை அந்த அலமாரியை எதிர்ச் சுவருக்கு நகர்த்தவாவது அனுமதி கொடுங்கள். தூக்கி வைக்க நாங்களே வருகிறோம்.

சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி கட்டுகிறோம். 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்கும் அந்த வரியில் கிரைம் நாவல் படிப்பவனுக்குத் தள்ளுபடி இல்லையே? மே மாத மலர்க் கண்காட்சிக்கு ரோட்டோரச் சுவருக்கெல்லாம் பெயின்ட் அடிக்கிறார்கள். வருஷம் முழுக்க இங்கேயே இருக்கும் எங்களுக்கு, உட்கார்ந்து படிக்க நனையாத ஒரு மூலை கிடையாதா? எது தரமான புத்தகம் என்று மழை பார்த்து விழுவதில்லை. பக்கத்து அலமாரியில் பிள்ளைகளின் பாடநூல்கள் இருக்கின்றன, அடுத்து அதுவும்தான்.

சரி, கோபத்தில் ஏதாவது அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஐப்பசிக்குள் தயவுசெய்து கூரையை மாற்றிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன், நீலகிரி