நான்கு பேருக்கென்று அளந்து வைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அளவுகாரர்களே,

வணக்கம். உங்களுக்குப் பொதுவாக ஒரு பெயர் இல்லாததால் இதை நானே வைத்துவிட்டேன். சமையல் குறிப்பின் தலையில் "நான்கு பேருக்கு" என்று எழுதுபவர், சுற்றுலாக் கட்டணத்தை "இருவர் தங்கும் அறையில் தலைக்கு இவ்வளவு" என்று அச்சடிப்பவர், திரையரங்க டிக்கெட்டுக்கு மென்பொருள் எழுதுபவர், விண்ணப்பப் படிவத்தில் கட்டம் போடுபவர், விடுமுறை நாளில் யார் வேலைக்கு வருவது என்று பட்டியல் தயாரிக்கும் மேலாளர் எல்லோரும் இதில் அடக்கம். நீங்கள் ஒருவரையொருவர் பார்த்திருக்கவே மாட்டீர்கள். ஆனாலும் கூடிப் பேசி முடிவெடுத்ததுபோல் ஒரே மாதிரிதான் கணக்குப் போடுகிறீர்கள்.

நான் தனியாக வாழும் பெண். திருமணம் செய்துகொள்ளவில்லை. யாரோ வந்து சேரட்டும் என்று அலமாரியில் பாதியைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருக்கவும் இல்லை. இதைச் சொன்னதும் கேட்பவர் முகத்தில் ஒரு பரிதாபம் வந்து உட்காரும். அதைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். நான் குறை சொல்ல வந்தது என் வாழ்க்கையை அல்ல, உங்கள் அளவை.

சமையலறையிலிருந்தே தொடங்குகிறேன். நான்கு பேருக்கான குறிப்பை நான்கால் வகுத்தால் ஒருவருக்கு ஆயிற்று என்பீர்கள். சமைப்பவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நீர் எவ்வளவு வேகமாக வற்றும் என்பதைப் பாத்திரத்தின் அகலமும் அடுப்பின் சூடும் தீர்மானிக்கின்றன. உள்ளே கொதிப்பது ஒருவருக்கா நால்வருக்கா என்று பாத்திரத்துக்குத் தெரியாது. அதே பாத்திரத்தில் கால் பங்கு சூப்பை வைத்து, குறிப்பில் சொன்ன நேரம் வரை காத்திருந்தால், மிஞ்சுவது அடியில் ஒட்டிய பசை. கேக் இன்னும் மோசம். 20 சென்டிமீட்டர் வட்டத் தட்டில் செய்வதைப் பாதியாகக் குறைக்க வேண்டுமென்றால் 10 சென்டிமீட்டர் தட்டைத் தேடக் கூடாது. பரப்பளவு பாதியாவது 14 சென்டிமீட்டரில்தான். ஓடு நீக்கிய முட்டை ஒன்று சுமார் 50 கிராம் இருக்கும். அதில் பாதி வேண்டுமென்றால் அடித்துக் கலக்கி, 25 கிராமை நிறுத்து எடுக்க வேண்டும். இதையெல்லாம் குறிப்பின் கீழே ஒரு வரியில் நீங்களே எழுதியிருக்கலாம். நீங்கள் எழுதுவது, "மீதியைக் குளிர்பெட்டியில் வைத்துச் சாப்பிடலாம்" என்று. ஞாயிற்றுக்கிழமை செய்ததை வியாழக்கிழமை மறுபடி சூடாக்கும்போது உங்களை நன்றாகவே நினைத்துக்கொள்கிறேன்.

ஜாம் பாட்டில் மூடி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை வைத்து ஆளாளுக்கு ஒரு நகைச்சுவை வைத்திருக்கிறார்கள். "இதுக்குத்தான் வீட்டுல ஒரு ஆம்பளை வேணும்ங்கறது." உண்மையில் வேண்டியது ஒரு ஸ்பூன். ஏழு சென்டிமீட்டர் அகல மூடியின் பரப்பு ஏறக்குறைய 38 சதுர சென்டிமீட்டர். வெளிக்காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் சுமார் ஒரு கிலோ எடை வைத்ததுபோல அழுத்துகிறது. உள்ளே காற்றழுத்தம் பாதியாக இருந்தாலே மூடியின் மேல் 19 கிலோ ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். மூடியின் விளிம்புக்கு அடியில் ஸ்பூன் நுனியைக் கொடுத்து லேசாக நெம்பினால் 'டக்' என்று காற்று உள்ளே போகும். அப்புறம் இரண்டு விரலே போதும். முதுகுப்புறம் ஜிப் வைத்த உடைகளுக்கும் இப்படித்தான், ஜிப் முனையில் ஒரு நூலைக் கட்டிக்கொள்கிறேன். பக்கவாட்டில் ஜிப் வைத்தால் தையல் ஒன்றும் கெட்டுப்போகாது, யோசித்துப் பாருங்கள்.

சிரிக்க முடியாத இடமும் ஒன்று உண்டு. தொண்டையில் உணவு சிக்கினால் என்ன செய்வது என்று காட்டும் முதலுதவிப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். எப்போதும் இரண்டு உருவங்கள்: ஒருவர் மூச்சுத் திணறுகிறார், இன்னொருவர் பின்னால் நின்று கட்டிப்பிடித்து வயிற்றை அழுத்துகிறார். தனியாகச் சாப்பிடுகிறவர் என்ன செய்ய வேண்டும்? அதற்கும் வழி இருக்கிறது. தொப்புளுக்குச் சற்று மேலே ஒரு கை முஷ்டியை வைத்து, மறு கையால் அதைப் பற்றி, நாற்காலியின் முதுகு அல்லது மேடை விளிம்பு போன்ற கெட்டியான ஒன்றின் மேல் குனிந்து, உள்நோக்கியும் மேல்நோக்கியும் வேகமாகத் தள்ள வேண்டும். இதை நான் தேடிப் பிடித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்தச் சுவரொட்டியில் மூன்றாவதாக ஓர் உருவம் வரைய இடம் இருக்கிறது.

இவள் ஒருத்திக்காக இத்தனையையும் மாற்றுவதா என்று தோன்றலாம். அமெரிக்கக் கணக்கெடுப்பின்படி 1940-ல் அங்கே ஒருவர் மட்டும் வசிக்கும் வீடுகள் 7.7 சதவீதம், 2020-ல் 27.6 சதவீதம். நான்கில் ஒரு வீட்டுக்கு மேல். அவ்வளவு பேரும் உங்கள் வாடிக்கையாளர்கள்தான்.

வீட்டில் பகலில் யாராவது இருப்பார்கள் என்ற உங்கள் நம்பிக்கையைப் பற்றியும் பேச வேண்டும். "காலை 9 முதல் மாலை 6 மணிக்குள் எங்கள் ஆள் வருவார்." என் வீட்டில் சம்பாதிப்பவளும் நான்தான், கதவைத் திறப்பவளும் நான்தான். குழாய் பழுது பார்க்க ஒரு நாள் விடுப்பு, அலமாரி வந்து இறங்க இன்னொரு நாள் விடுப்பு. இப்படி விடுப்பெல்லாம் கரைந்த பிறகு, பண்டிகை நாளுக்கு ஆள் தேவைப்படும்போது மேலாளர் என் மேசைக்குத்தான் வருவார். "உங்களுக்கென்ன, வீட்டில் யாரும் காத்திருக்கப் போவதில்லையே" என்று. குழந்தை இருப்பவர்களுக்கு விட்டுக்கொடுப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் கேட்டுப் பெறுவது ஒன்று, கேட்காமலே எழுதிக்கொள்வது இன்னொன்று. என் விடுமுறை நாளில் நானே காத்திருக்கிறேன், ஐயா.

அந்த நாளில் தனியாக உட்கார்ந்து என்ன செய்வாய் என்பதுதான் அடுத்த கேள்வி. நிறைய இருக்கிறது. பகல் காட்சிக்குப் போவேன். இருட்டில், பேசக் கூடாத இடத்தில், எல்லோரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு உட்காரும் ஒரு காரியத்துக்குத் துணை கட்டாயம் என்று யார் முடிவு செய்தார்களோ! ஆனால் டிக்கெட் வாங்கும்போது உங்கள் மென்பொருள் குறுக்கே வந்து நிற்கும். ஓரத்திலிருந்து இரண்டாவது இருக்கையைத் தொட்டால், "ஒற்றை இருக்கையைத் தனியாக விட முடியாது" என்று மறுக்கும். காரணம் புரிகிறது, ஜோடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒற்றை இருக்கை விற்காது என்ற பயம். அதை வாங்கத்தானே நான் வந்திருக்கிறேன்! எனக்குப் பிறகு இன்னொருத்தி வருவாள், விட்டுவைத்த அந்த ஓர இருக்கையை அவள் எடுத்துக்கொள்வாள். ஒற்றையாக வருபவர்களே கிடையாது என்று வைத்துக்கொண்டு விதி எழுதினால், வருபவர்களுக்கு இடம் எங்கே கிடைக்கும்?

ஒருவருக்கென்று சரியாக அளந்தவர்களும் உலகத்தில் இருந்திருக்கிறார்கள். பொழுதுபோக்கு பக்கம் போனால் அவர்களைப் பார்க்கலாம். 1697-ம் ஆண்டின் பிரெஞ்சுச் செதுக்கோவியம் ஒன்றில் ஒரு சீமாட்டி அமர்ந்திருக்கிறாள். அவள் அருகில் துளைகள் போட்ட ஒரு பலகை. ஒரே ஆள் ஆடும் ஆட்டம் அது. முளையை முளை தாண்டி, தாண்டப்பட்டதை எடுத்துவிட்டு, கடைசியில் ஒன்றை மட்டும் மிச்சம் வைக்க வேண்டும். பழக்கத்தில் இருக்கும் ஒரு வகைப் பலகையில் 33 துளை, 32 முளை. கணித மேதை லைப்னிட்ஸ் 1710-ல் இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அவரிடம் யாரும் "கூட ஆட ஆள் இல்லையா, பாவம்" என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

என் வீட்டில் அந்தப் பலகை உண்டு. கடைசி முளையை நடுத் துளையில் நிறுத்துவது இன்னும் கைவரவில்லை, பெரும்பாலும் மூன்று மிச்சமாகிவிடும். சீட்டுக்கட்டும் உண்டு. சொலிட்டேர் என்றவுடன் கணினித் திரைதான் பலருக்கு ஞாபகம் வரும், 1990-ல் விண்டோஸ் 3.0-உடன் வந்தது முதல் அலுவலகங்களில் எத்தனை பிற்பகல்களை அது விழுங்கியதோ. எனக்குக் கையில் சீட்டு வேண்டும். ஏழு வரிசையில் 28 சீட்டைப் பரப்பி, மீதி 24-ஐக் கையில் வைத்துக்கொண்டால் ஒரு மழை மாலை போய்விடும். சில பரப்பல்கள் எவ்வளவு திறமையாக ஆடினாலும் முடியாதவை. அதை ஏற்றுக்கொண்டு கலைத்துப் போடுவதில் ஒரு சுகம் இருக்கிறது. குறுக்கெழுத்து இன்னொரு பைத்தியம். 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு பத்திரிகையில் ஆர்தர் வின் போட்ட கட்டங்களிலிருந்து தொடங்கியது என்பார்கள். இதில் எனக்கு ஒரே ஒரு எரிச்சல், பின்னால் நின்று எட்டிப் பார்த்து விடை சொல்பவர்கள். தனி வீட்டில் அந்தத் தொல்லை கிடையாது. கட்டிலின் மறு பாதி காலியாகக் கிடக்கும் என்று கற்பனை செய்பவர்களுக்கும் சொல்கிறேன்: அங்கே நூலகப் புத்தகங்கள், மூக்குக்கண்ணாடி, பேனா, பாதி நிரப்பிய குறுக்கெழுத்து எல்லாம் இருக்கின்றன. புரண்டு படுக்கத்தான் இடமில்லை.

பயணத்துக்கு வருகிறேன். அறைக்கான செலவு ஒருவர் தங்கினாலும் இருவர் தங்கினாலும் ஏறக்குறைய ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். அதில் உங்களுக்கு நட்டம் வர வேண்டும் என்று கேட்கவில்லை. ஆனால் தனியாக வருபவர் கூடுதலாகக் கட்ட வேண்டிய தொகையை ஏன் கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில் ஒளித்து வைக்கிறீர்கள்? கப்பல் பயணங்களில் சில நிறுவனங்கள் ஒற்றை ஆளிடம் இருவருக்கான முழுக் கட்டணத்தையே கேட்கின்றன. வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 2010-ல் சேவைக்கு வந்த நார்வீஜியன் எபிக் கப்பலில் ஒருவர் தங்குவதற்கென்றே 128 சிறு அறைகள் கட்டினார்கள். கப்பலிலேயே முடிந்தது தரையில் முடியாதா? உணவகக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: சமையலறைக் கதவை ஒட்டிய மேசையை எனக்கென்று வைத்திருப்பதற்கு நன்றி, ஜன்னலோரமும் எனக்குப் பிடிக்கும்.

கடைசியாகப் படிவம் தயாரிப்பவர்கள். உங்களிடம்தான் எனக்குக் கோபம் அதிகம், ஏனென்றால் உங்கள் வேலைதான் எல்லாவற்றிலும் சுலபமாகத் திருத்தக்கூடியது. அமெரிக்காவில் 1974-ல் கடன் வாய்ப்பில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வரும் வரை, சொந்தமாகச் சம்பாதிக்கும் பெண்ணிடமும் ஓர் ஆணின் கையெழுத்தைக் கேட்க வங்கிகளால் முடிந்தது. அந்தச் சட்டம் வந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆனால் அண்மையில் ஒரு மருத்துவமனையில் நான் நிரப்பிய படிவத்தில், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் உறவு என்ற இடத்தில் தேர்ந்தெடுக்க இருந்தவை கணவர், தந்தை, மகன், சகோதரர். என் தந்தை இல்லை. சகோதரன் விமானம் ஏறி வர வேண்டிய தூரத்தில் இருக்கிறான். எனக்குக் காய்ச்சல் கண்டால் இரவில் மாத்திரையோடு வருபவள் இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள், அவளுக்கு உங்கள் படிவத்தில் பெயரே இல்லை. எழுத்தர் பொறுமையானவர், "ஏதாவது ஒன்றைப் போடுங்கம்மா, இல்லாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது" என்றார். சகோதரர் என்று போட்டு அவள் எண்ணைக் கொடுத்தேன்.

அந்தப் பட்டியலில் 'தோழி' என்று ஒரு வரி சேருங்கள். என் வீட்டு மாற்றுச் சாவி அவளிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓராள் குடும்பத்தின் தலைவி