நாரி நோகிற நாளில தான் உங்கட ஆப் என்னைப் பேசுது

வணக்கம்,

நான் யாழ்ப்பாணம் கோண்டாவில்ல இருந்து எழுதுறன். வீட்டில வச்சுத் தைக்கிறனான், 4 வருசமா நாரி நோ, கீழ் முதுகு. 3 மாசத்துக்கு மேல நிண்டா நாட்பட்ட நோவாம் எண்டு நோவைப் பதியிற உங்கட ஆப்பிலதான் வாசிச்சன், என்ர நோ நேர்சரிக்குப் போற வயசுக்கு வந்திட்டுது.

ஆப் கூடாதெண்டு சொல்ல வரேல்லை. மூச்சுப் பயிற்சி நல்லம். நோகுதெண்டா உள்ளுக்க பழுதாகிக்கொண்டே போகுதெண்டு இல்லை, நரம்பு பழகிப்போய்க் கூடக் கத்தும் எண்டு சொன்ன பாடத்துக்குப் பிறகுதான் குனியிற பயம் எனக்குக் குறைஞ்சது. அதாலதான் வருசக் காசே கட்டினனான்.

நல்லூர்த் தேரண்டு விடியவே போய் நிண்டு, நடந்து, 11,000 காலடியாம். ஆப் பட்டாசு கொளுத்திக் கொண்டாடினது காணாதெண்டு 4,000 ஆ இருந்த இலக்கைத் தன்ர பாட்டில 6,000 ஆக்கிப்போட்டுது. ஏலுமான நாளில ஒரேயடியாச் செய்துபோட்டு மற்ற நாள் விழுந்து கிடக்காதேங்கோ, அளவாச் செய்யுங்கோ எண்டு எனக்குப் படிப்பிச்சதும் இதே ஆப்தானே?

பிறகென்ன, மூண்டு நாள் பாயால எழும்பேல்லை, போனை எடுத்து நோவுக்கு 0 இல இருந்து 10 வரைக்கும் நம்பர் போடக்கூட மனமில்லை. நாலாம் நாள் திறந்தா ஒரு நாளும் விடாமப் பதிஞ்சு 63 நாளாக் கட்டிக் காத்த தொடர் முட்டை. கீழ ஒரு அழுமூஞ்சி, "உங்களை மிஸ் பண்றோம், சோம்பலை விடுங்க!" எண்டு. சோம்பலோ? கக்கூசுக்குப் போக மகள் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனவ. அண்டைக்கே அழிக்கப் பாத்தனான், கட்டின காசை நினைச்சு விட்டிட்டன்.

இன்னொண்டு, குத்தும் வலி, எரியும் வலி எண்டெல்லாம் கேக்கிறியள், உளைவு எங்க? மிசின் மிதிச்ச கால் உளையிறதுக்கு நான் எதை அமத்திறது?

என்னை 63 நாள் இழுத்துக்கொண்டு வந்தது பட்டாசு இல்லை. கிளினிக்கில பிசியோ பிள்ளை ஒவ்வொரு முறையும் "காட்டுங்கோ அன்ரி பாப்பம்" எண்டு போனை வாங்கிப் பாப்பா, அவ கேப்பா எண்டதுக்காகத்தான் பதிஞ்சனான். அவவுக்குக் காட்ட ஒரு மாசத்தை ஒரு பக்கத்தில எடுக்கலாமெண்டா அதுக்கு வேற காசு கேக்கிறியள்.

நோ கூடின நாளெண்டு அமத்த ஒரு பட்டன் வையுங்கோ, அண்டைக்குத் தொடர் அறக்கூடாது. இலக்கை ஏத்த முதல் என்னைக் கேளுங்கோ. அந்தச் சோம்பல் வசனத்தைத் தூக்குங்கோ.

இதை முதலே ஆப்புக்குள்ள எழுதினனான், "உங்கள் கருத்து மதிப்புமிக்கது" எண்டு ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். வாற மாசம் 12ஆம் திகதி என்ர பாங்க் காட்டில அடுத்த வருசக் காசு வெட்டுப்படும். அதுக்கு முதல் ஒரு ஆள் பதில் போடுங்கோ, இல்லாட்டி நிப்பாட்டிப்போடுவன்.