தம்பியோடு பேசுங்கள், அப்பா

டப்ளின்
நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அவரும் பாப்பாவும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நம் ஏற்காட்டுத் தோட்டத்தில் காப்பிப் பழம் எடுக்க ஆரம்பித்திருப்பார்கள். இந்த வருஷம் ஆள் கிடைக்கிறார்களா, காட்டெருமை இறங்குகிறதா என்று தம்பியிடம் கேட்டேன். "அப்பா என்கிட்ட பேசறதே இல்லையேக்கா, எனக்கு எப்படித் தெரியும்" என்றான். அவனுக்கு ஆணைத்தான் பிடிக்கும் என்று தெரிந்ததிலிருந்து நீங்கள் அவனோடு பேசுவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். போனில் அவன் பேச்சை எடுத்தாலே "சரி, வெச்சுடறேன்" என்கிறீர்கள். கடிதமென்றால் ஒரு தடவையாவது கடைசி வரை படிப்பீர்கள். படித்துவிட்டு அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் இங்கத்திய சேதி. இந்த மாதம் சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. ஜூன் மாதத்தில் ராத்திரி பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், பாப்பாவைத் தூங்கவைக்கத் திரையை இழுத்து மூட வேண்டும். மழை, கனமாகவும் பெய்யாது, விட்டும் தொலைக்காது. சம்பளத்தில் பெரும்பங்கு வாடகைக்கே போகிறது. மூர் தெருப் பக்கம் போனால் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கிடைக்கும். பஸ்ஸிலிருந்து இறங்கும் ஒவ்வொருவரும் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குவார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட. வந்த புதிதில் எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம். கெட்டதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் நம் ஆட்கள் சிலரைத் தெருவில் வழிமறித்து அடித்திருக்கிறார்கள். ஆகஸ்டில் நம் தூதரகமே ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லி அறிக்கை கொடுத்தது. நான் இரவு வேலை முடிந்தால் தனியாக நடப்பதில்லை, அவர் வந்து கூட்டிப்போகிறார். கவலைப்படாதீர்கள்.

நான் சொல்ல வந்தது எங்கள் வார்டில் டீ குடிக்கும் அறையைப் பற்றி. பன்னிரண்டு மணி நேர வேலையில் நாங்கள் உட்காரும் இடம் அது ஒன்றுதான். ஐரிஷ்காரர்கள், கேரளத்துப் பெண்கள், பிலிப்பைன்ஸ், ஜிம்பாப்வே என்று எல்லோரும் இருப்போம். வாடகை, அரசாங்கம், பஸ் வராதது, யார் வீட்டுக் கல்யாணச் சாப்பாடு எப்படி என்று எதையும் விட்டுவைக்க மாட்டார்கள். ஒவ்வொருத்தரும் தன் மனசில் பட்டதைச் சொல்வார்கள், எதிர்ப்பேச்சும் வரும், அப்புறம் சேர்ந்து போய் நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பார்கள். ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்வது, பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்வது, இதெல்லாம்கூட அந்தப் பேச்சில் சாதாரணமாக வரும். யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. எல்லோரும் ஒரே கட்சியுமில்லை. எங்களோடு வேலை செய்யும் ஒரு கேரளத்து அக்கா, வேதத்தில் இதற்கு இடமில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வார். ஆனால் அப்படிப்பட்ட ஒரு நோயாளியின் துணைவர் ராத்திரி முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, போர்வை கொண்டுபோய்ப் போர்த்தியதும் அவர்தான்.

அங்கே என்னைவிட மூத்த ஐரிஷ் நர்ஸ் ஒருவர் இருக்கிறார். மேயோ மாவட்டம், மாடு மேய்த்துப் பிழைத்த குடும்பம். அவருடைய அண்ணன் வாலிப வயதில் லண்டனுக்குப் போனவர், வெகுகாலம் திரும்பி வரவில்லை. அவருக்கும் ஆண்களைத்தான் பிடிக்கும் என்று அப்பாவுக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்காத வீடு. கிறிஸ்துமஸுக்கு ஒரு அட்டை வரும், அம்மா படித்துவிட்டு அலமாரியில் வைப்பாராம், அப்பா அந்தப் பக்கமே பார்க்க மாட்டாராம். 2015 மே 22 அன்று, ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் செய்துகொள்ளும் கல்யாணத்தை அரசியல் சட்டத்தில் சேர்க்கலாமா என்று நாடு முழுக்க ஓட்டெடுப்பு. வெளிநாடு போய் வருஷக்கணக்கானவருக்கு இங்கே ஓட்டு கிடையாது, அண்ணனால் போட முடியாது. எண்பது வயது தாண்டிய அப்பா காலையிலேயே சட்டை மாற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். ராத்திரி சாப்பிடும்போது, "ஆமாம்னுதான் போட்டேன்" என்று ஒரே ஒரு வாக்கியம். அப்புறம் கன்றுக்குட்டி விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாராம். அடுத்த மாதம் அண்ணன் வந்தார். இரண்டு பேரும் பழசைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை, வேலியை மட்டும் சேர்ந்து சரிசெய்தார்கள். அப்பா அதற்குப் பிறகு அதிக காலம் இருக்கவில்லை. அந்த அக்கா இதைச் சொல்லும்போது கோபத்தோடுதான் சொன்னார். ஒரே ஒரு வாக்கியத்துக்கு அத்தனை வருஷம் ஆனதே என்ற கோபம்.

அது வெள்ளைக்காரர்களின் ஊர், நமக்கு ஒத்துவராது என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. அப்பா, இந்த ஊர் நம்மைவிடக் கட்டுப்பெட்டியாக இருந்த ஊர். பாதிரியார் சொன்னதுதான் சட்டம். விவாகரத்தை அனுமதிக்கவே 1995-இல் ஓட்டெடுப்பு நடத்த வேண்டியிருந்தது. 1860-இல் ஆணும் ஆணும் சேர்வதைக் குற்றமாக்கி நமக்கு 377 என்ற பிரிவை எழுதிவைத்த அதே பிரிட்டிஷ் ஆட்சி, 1861-இல் இவர்கள் தலையிலும் அதே மாதிரி ஒரு சட்டத்தைக் கட்டியது. டேவிட் நோரிஸ் என்ற பல்கலைக்கழக விரிவுரையாளர் அதை எதிர்த்து வழக்குப் போட்டார். 1983-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார், 1988-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் ஜெயித்தார், 1993-இல்தான் சட்டம் மாறியது. அப்படிப்பட்ட நாட்டில் 2015-இல் நூற்றுக்கு 62 பேர் "ஆம்" என்றார்கள். 43 தொகுதிகளில் ஒன்றே ஒன்றுதான் "இல்லை" என்றது. பதினான்கு வருஷம் குடியரசுத் தலைவராக இருந்த மேரி மெக்கலீஸ் பக்தியுள்ள கத்தோலிக்கர். அவருடைய மகனும் நம் தம்பி மாதிரிதான். அவர் மேடையேறி, இது என் பிள்ளையின் விஷயம் என்றே பேசினார். மும்பையில் பிறந்த டாக்டருக்கும் ஐரிஷ் நர்ஸுக்கும் மகனான லியோ வரத்கர், சுகாதார அமைச்சராக இருந்தபோதே தான் இப்படி என்று வானொலியில் சொன்னார். 2017-இல் அவர்தான் பிரதமர். நீங்கள்கூட அப்போது "நம்ம நாட்டு ரத்தம்" என்று சந்தோஷப்பட்டீர்கள்.

சட்டம் வந்ததும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. 2022-இல் ஸ்லைகோ என்ற ஊரில் இரண்டு பேரை இதற்காகவே ஒருவன் கொன்றான். ஊர் ஊராக மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அந்த வாரம் எங்கள் டீ அறையில் பேச்சே இல்லை.

நம் பக்கமும் சும்மா இல்லை, அப்பா. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள், வயது வந்த இரண்டு பேர் மனமொத்து வாழ்வது குற்றமில்லை என்று. ஆக, உங்கள் மகன் எந்தத் தப்பும் செய்யவில்லை. 2023-இல் கல்யாண உரிமை மட்டும் கொடுக்க மறுத்துவிட்டார்கள், அது எனக்குப் பெரிய வருத்தம். நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆனந்த் வெங்கடேஷ் என்ற நீதிபதி, இரண்டு பெண்களின் வழக்கு முன்னால் வந்தபோது, தனக்கு இது புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, மனநல ஆலோசகரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே 2021-இல் உத்தரவு எழுதினார். நீதிபதியே கேட்டுத் தெரிந்துகொண்டார் என்றால் நாம் கேட்பதில் என்ன குறைச்சல்?

2017-இல் சேலத்துப் பிரித்திகா யாஷினி போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் ஆனபோது பேப்பரை எடுத்துவந்து "நம்ம சேலத்துப் பொண்ணு" என்று அம்மாவிடம் காட்டியவர் நீங்கள். அவர் திருநங்கை, அது வேறு. தம்பி ஆண், ஆணாகவேதான் இருக்கிறான், அவனுக்கு ஆணைத்தான் பிடிக்கிறது, அவ்வளவே. ஆனால் அன்று ஊரார் பேச்சைத் தாண்டி ஒரு பிள்ளையைப் பெருமையாகப் பார்த்த அதே கண்தானே உங்களுக்கு இன்றும் இருக்கிறது.

இனி நான் அழுத்திச் சொல்ல வேண்டியவை. சேலத்தில் ஒரு டாக்டர் மாத்திரையும் ஆலோசனையும் கொடுத்து "சரி பண்ணிடலாம்" என்றதாக அம்மா சொன்னார். நான் நர்ஸ், இதை என் தொழில் மேல் வைத்துச் சொல்கிறேன்: இது நோயில்லை, மாற்ற மருந்தும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990-இலேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. நான் சொன்ன அந்த உத்தரவிலேயே மாற்றுகிறேன் என்று வைத்தியம் செய்யக் கூடாது என்று இருக்கிறது. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமும் அப்படிச் செய்வது டாக்டர் தொழிலுக்கு விரோதமான நடத்தை என்று சொல்லிவிட்டது. தூக்கத்துக்கும் படபடப்புக்கும் கொடுக்கும் மாத்திரைகளை அவனுக்குத் தேவையில்லாமல் கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து மறுபடி கூட்டிப்போகாதீர்கள். சேர்வராயன் கோயிலுக்கு அம்மா வேண்டுதல் வைத்தால் வைக்கட்டும், பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்று வைக்கட்டும்.

அடுத்தது தம்பிக்கு நீங்கள் பார்க்கும் அந்த அம்மாபேட்டை வரன். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது நீங்கள் ஆத்தூர் வரைக்கும் இரண்டு மூன்று தடவை போய் விசாரித்தீர்கள். குடிப்பாரா, கடன் உண்டா, அவர் மனசில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று அவருடைய நண்பர்களையும் விடவில்லை. "என் பொண்ணு ஏமாந்துடக் கூடாது" என்று சொன்னதாக மாமா சொன்னார். அம்மாபேட்டையில் அந்தப் பெண்ணின் அப்பாவும் இப்போது அதே மாதிரி விசாரித்துக்கொண்டிருப்பார். அவருக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? கல்யாணம் ஆனால் மாறிவிடுவான் என்ற நம்பிக்கையில் ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பணயம் வைக்க வேண்டுமா? அவள் ராத்திரியெல்லாம் தன்னிடம்தான் ஏதோ குறை என்று அழுவாள். பெண்ணாகப் பிறந்து, உங்கள் மகளாக வளர்ந்த நான் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. தரகரிடம் ஜாதகத்தைத் திருப்பி வாங்கிவிடுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை, பையனுக்கு விருப்பமில்லை என்றால் போதும்.

ஒண்டிக்கடையில் நாலு பேர் பேசுவார்கள்தான். கடைசிக் காலத்தில் அவனை யார் பார்ப்பார்கள் என்ற உங்கள் கவலையும் எனக்குப் புரிகிறது. அவன் மனசுக்குப் பிடித்தவரோடு இருந்தால் அவர் பார்ப்பார், நான் இருக்கிறேன், என் பிள்ளை இருக்கிறாள். ஆனால் உங்கள் வயதில் உங்களையும் அம்மாவையும் பார்க்க ராத்திரி பத்து மணிக்குச் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வருகிறவன் அவன்தான். போன வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல் என்றதும் வந்தான், மாத்திரையைக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் படுத்துவிட்டு விடியும்முன் கிளம்பிவிட்டான். நீங்கள் முழித்துக்கொண்டுதான் இருந்தீர்கள் என்று அம்மா சொன்னார்.

எல்லாம் புரிந்தால்தான் பேச வேண்டும் என்றில்லை, அப்பா. எடுத்த எடுப்பில் இதைப் பற்றிப் பேசக்கூட வேண்டாம். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். மிளகுக்கொடி எப்படி வந்திருக்கிறது என்று காட்டுங்கள். அவன் வேலையைப் பற்றிக் கேளுங்கள். அவனாகச் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் எழுந்து போகாமல் உட்கார்ந்திருங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு லீவு, எனக்கும் லீவு. அவனை மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் சொல்லி வந்த மாதிரி இருக்கட்டும், காலையில் ஒரு போன் மட்டும் போட்டுவிடுங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு நான் கூப்பிடுகிறேன், அப்போது இங்கே காலை பத்தரை. ஸ்பீக்கரில் போடுங்கள், மூன்று பேரோடும் பேச வேண்டும். அம்மாவின் முழங்காலுக்கு எடுத்த எக்ஸ்ரேயைத் தம்பியிடம் கொடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். கூரை ஓடு மாற்றப் பணம் போட்டிருக்கிறேன், மழை முழுசாக விட்டதும் வேலையை ஆரம்பியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்