அந்த அலுமாரிக்குள் என்ன இருந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் வீட்டில் இரவு எட்டு மணி என்றால் அம்மாவின் நாடக நேரம். ஏழே முக்காலுக்கே இடியப்பத்தை அவித்து இறக்கி, சொதியை மூடி வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார். பெரிய பணக்காரக் குடும்பம், செத்துப்போன தாத்தாவின் உயில், யாருக்கும் திறந்து காட்டாத ஓர் இரும்பு அலுமாரி, இதுதான் கதை. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மூத்த மருமகள் அலுமாரியைத் திறந்து, உள்ளே பார்த்து, வாயைப் பொத்தினாள். அவள் முகத்தை நாலு பக்கமும் சுற்றிக் காட்டி, இடி முழங்கித் "தொடரும்" போட்டார்கள். திங்கட்கிழமை அதே எட்டு மணிக்கு வேறொரு நாடகம். அறிவிப்பு இல்லை, திரையின் கீழே ஓடும் எழுத்துக்கூட இல்லை. அலைவரிசைக்குக் கோல் எடுத்துக் கேட்டேன். "அது நிப்பாட்டியாச்சு அன்ரி" என்றது ஒரு பிள்ளை. ஏன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டது.

நாடகத்தை இடையில் நிறுத்துவது ஒன்றும் புதினமில்லை. அமெரிக்காவில் ஏபிசி அலைவரிசை 2007 செப்டெம்பரில் 'டர்ட்டி செக்ஸி மணி' என்று ஒன்றைத் தொடங்கியது (தலைப்பின் அர்த்தத்தை அம்மாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை). நியூயோர்க்கில் டார்லிங் என்றொரு கோடீஸ்வரக் குடும்பம், அவர்களுடைய வக்கீல் விமான விபத்தில் போய்விட, அந்தக் குடும்பத்துக்கே உழைத்து அப்பா தனக்கு இல்லாமல் போனார் என்று வெறுத்துக்கொண்டிருந்த அவருடைய மகனே அதே வேலைக்கு வருகிறான். அவன் வந்த பிறகுதான் ஒவ்வொரு ரகசியமாக வெளியே வரும், டார்லிங் வீட்டில் அரசியலில் இருக்கும் மகனுடையது, பாதிரியாராக இருக்கும் மகனுடையது, கடைசியில் அவனுடைய அப்பாவுடையதும். நம்மூரிலும் ஒரு குடும்பத்தின் உள்வீட்டுக் கதை வேண்டுமென்றால் காணி உறுதி எழுதிய நொத்தாரிசைத்தானே பிடிக்கவேண்டும்! வீட்டுப் பெரியவராக டொனால்ட் சதர்லண்ட் நடித்திருந்தார், குரலை உயர்த்தாமலே ஆளை நடுங்கவைப்பார். அவர் 2024 ஜூனில் காலமான செய்தியைப் பார்த்ததும் பழைய டிவிடிகளைத் தேடியெடுத்து மறுபடி போட்டேன்.

அந்த நாடகத்துக்கும் ஆயுசு குறைவுதான். எழுத்தாளர்களின் வேலைநிறுத்தத்தில் முதல் சீசன் 10 எபிசோடுடன் நின்றது. இரண்டாவது சீசன் 2008 ஒக்டோபரில் தொடங்கி அடுத்த மாதமே, பார்க்க ஆள் இல்லை என்று ரத்து. ஆனால் எடுத்துவைத்திருந்த மிச்சத்தை அவர்கள் பெட்டிக்குள் போட்டுப் பூட்டவில்லை, 2009 ஜூலை, ஓகஸ்டில் ஒளிபரப்பினார்கள். மொத்தம் 23. கதை அப்போதும் ஒழுங்காக முடியவில்லை, அது வேறு கோபம். ஆனாலும் இருந்ததைக் கொடுத்தார்கள் அல்லவா?

இங்கே அதைவிடச் சுலபம். அம்மா பார்த்தது இந்தியாவில் எப்போதோ முடிந்துபோன நாடகம், மிச்சமெல்லாம் கையிலேயே இருக்கவேண்டும். விளம்பரம் கிடைக்கவில்லை என்றால் சரி, எட்டு மணியை எடுத்துக்கொள்ளுங்கள், ஞாயிறு மத்தியானம் யாரும் பார்க்காத நேரத்தில் போடுங்கள். அதுவும் ஏலாதென்றால் "இத்துடன் நிறுத்துகிறோம்" என்று இரண்டு வரி போடக் காசா செலவாகும்? யூடியூபில் தேடிப் பார் என்று தம்பி சொல்கிறான். அதில் ஹிந்தியில்தான் கிடக்கிறது, எழுநூற்றுச் சொச்சம் எபிசோட், நான் எங்கே போய்த் தேடுவது?

உங்கள் பத்திரிகையிடமும் ஒன்று கேட்கவேண்டும். வாராவாரம் நடிகைகளின் படத்துக்கு அரைப்பக்கம் ஒதுக்குகிறீர்கள், இப்படிப் பாதியில் போன நாடகங்களின் மீதிக் கதையைப் பத்து வரியில் போட்டால் என்ன? அம்மா இப்போது மேல்மாடி அக்காவுடன் சேர்ந்து தானே முடிவு கட்டிக்கொண்டிருக்கிறார். போன கிழமை அலுமாரிக்குள் இருந்தது இரண்டாவது உயில். நேற்று அது குழந்தையின் பிறப்புச் சான்றிதழாக மாறிவிட்டது.

ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 6