ஃபார்மேட் செய்யும் முன்: கணினி சர்வீஸ் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கடை உரிமையாளர்களுக்கும் தொழில்நுட்பர்களுக்கும்,

வணக்கம். வீட்டுக் கணினியில் “5 வைரஸ்கள் கண்டறியப்பட்டுள்ளன, உடனே நீக்கவும்” என்று சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வரத் தொடங்கினால், நம் ஊர்களில் ஒரு குடும்பம் முதலில் தேடி வருவது உங்கள் கடையைத்தான். வைரஸ் நீக்கும் கருவிகளை இலவசமாகத் தரும், மத்திய அரசு 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரத்தைப் பற்றி அவர்களில் பலர் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டார்கள். அவ்வளவு நம்பிக்கையோடு வருபவர்களுக்குப் பல கடைகளில் கிடைக்கும் பதில், “ஃபார்மேட் அடிச்சாதான் சரியாகும், நாளைக்கு வாங்க” என்பதுதான். ஃபார்மேட் என்றால் கணினியில் இருப்பதை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது. அந்தப் பதிலைச் சொல்வதற்கு முன்பு, வந்திருப்பது என்னவென்று பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

அந்த எச்சரிக்கை திரையின் வலது கீழ் மூலையில் எட்டிப் பார்க்கிறதென்றால், பெரும்பாலும் அது வைரஸே அல்ல. படம் பார்க்கவோ பாட்டு இறக்கவோ போன ஏதோ ஒரு தளம், “நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்ய அனுமதி என்பதை அழுத்துங்கள்” என்று கேட்டிருக்கும். வீட்டில் யாரோ அழுத்தியிருப்பார்கள். அந்த ஒரு சொடுக்கில், அறிவிப்பு அனுப்பும் உரிமை அந்தத் தளத்துக்குப் போய்விடுகிறது. பிறகு பெயர்பெற்ற ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் சின்னத்தைத் திருடி ஒட்டிக்கொண்டு, விண்டோஸே எச்சரிப்பது போல அது ஓயாமல் அறிவிப்பு அனுப்புகிறது. உற்றுப் பார்த்தால் அந்தப் பெட்டிக்குள்ளேயே, சிறிய எழுத்தில், பிரவுசரின் பெயரும் தளத்தின் முகவரியும் இருக்கும். குரோம் அமைப்புகளில் தள அமைப்புகளுக்குள் சென்று, அறிவிப்புப் பட்டியலில் அறிமுகமில்லாத முகவரிகளை நீக்கினால் போதும், தொல்லை நின்றுவிடும். இதற்காக ஒரு குடும்பத்தின் புகைப்படங்களையும் கணக்கு வழக்குகளையும் அழிப்பது பெரும் அநியாயம்.

உண்மையாகவே உள்ளே நிறுவப்பட்ட போலி ஆன்டிவைரஸ் வேறு வகை. அது தானாகவே ஒரு சோதனை நடத்துவது போல் நடித்துப் பணம் கேட்கும். டாஸ்க் மேனேஜரையும் உண்மையான ஆன்டிவைரஸையும் திறக்க விடாமலும் தடுக்கலாம். இணையத்தைத் துண்டித்து, அவசியமானவை மட்டும் இயங்கும் சேஃப் மோடில் அதை நீக்கி, நிரல்களைத் தானாக இயக்கும் ஸ்டார்ட்அப் பட்டியலிலும் டாஸ்க் ஷெட்யூலரிலும் அது விட்டுச்சென்ற எச்சங்களைத் துடைத்து, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில், விண்டோஸ் முழுதாக எழும் முன்பே சோதிக்கும் ஆஃப்லைன் ஸ்கேனையும் ஓட்டினால், பல நேரங்களில் கணினி பிழைத்துக்கொள்ளும். அதன் பிறகும் இணையம் வரவில்லையென்றால், அந்த நிரல் மாற்றி வைத்த, இணைப்பு எங்கே போக வேண்டும் என்று தீர்மானிக்கும் பிராக்ஸி அமைப்பையும் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் பாருங்கள். இவ்விரண்டையும் பாராமலேயே ஃபார்மேட்டுக்குப் போன கணினிகள் எத்தனையோ. ஃபார்மேட் செய்தும் அதே தொல்லை திரும்பி வந்தால், வாடிக்கையாளர் தம் கூகுள் கணக்கில் நுழைந்ததும் ஒத்திசைவின் வழியே, பிரவுசரில் சேரும் துணை நிரலான பழைய எக்ஸ்டென்ஷன் மீண்டும் வந்து உட்கார்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஃபார்மேட் கட்டாயம் தேவைப்படும் இடங்கள் இல்லாமல் இல்லை. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடும் நிரல் புகுந்திருந்தாலோ, திரையில் கண்ட எண்ணுக்கு போன் செய்து தொலைவிலிருந்து இயக்கும் உரிமையை முன்பின் தெரியாதவரிடம் கொடுத்திருந்தாலோ, முழுதாகத் துடைப்பதே பாதுகாப்பு. ஆனால் அங்கே ஃபார்மேட் பாதி வேலைதான். வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றி, எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறி, வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் உடனே தெரிவிக்கச் சொல்ல வேண்டியதும் உங்கள் பொறுப்பே. மைக்ரோசாஃப்ட், அமேசான் பெயரைச் சொல்லி ஏமாற்றிய கால் சென்டர்களைத் தேடி, 2023 அக்டோபரில் ஆப்பரேஷன் சக்ரா 2 என்ற பெயரில் சிபிஐ நாடெங்கும் சோதனை நடத்தியது நினைவிருக்கலாம். ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டுத் தாமாகச் சொல்ல மாட்டார்கள். “அந்த எண்ணுக்குக் கூப்பிட்டீங்களாம்மா, பணம் ஏதும் கட்டினீங்களா?” என்று நீங்கள் மரியாதையாகக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

என்னை மிகவும் வருத்துவது ஃபார்மேட்டுக்குப் பின் நடப்பது. திருட்டு விண்டோஸை ஏற்றி, அதை உரிமம் பெற்றது போல ஆக்டிவேட் செய்யும் கருவிக்காக டிஃபெண்டரை அணைத்து, அணைத்தபடியே வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். விண்டோஸ் 8 காலத்துக்குப் பின் விண்டோஸோடு விற்கப்பட்ட மடிக்கணினிகளில் உரிமச் சாவி பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. அதே பதிப்பை ஏற்றினால் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். காசு கொடுத்து வாங்கிய உரிமம் கைவசம் இருக்க, திருட்டுப் பதிப்பை அவர் தலையில் கட்டுவது எந்த வகையில் நியாயம்?

நோயே இல்லாத இடத்தில் நோய் இருப்பதாகச் சொல்வது சிறு கடைகளின் பழக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவில் அலுவலகப் பொருட்கள் விற்கும் ஆஃபீஸ் டெப்போ கடைகளில், இலவசப் பரிசோதனை என்ற பெயரில் ஒரு மென்பொருள் ஓடியது. கணினி மெதுவாக இருக்கிறதா என்பது போன்ற 4 கேள்விகளில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்று குறித்தாலே, சோதனையில் என்ன தெரிந்தாலும், வைரஸ் அறிகுறி இருப்பதாக அது காட்டியது. அந்நாட்டு வணிக ஆணையத்தின் வழக்கில், அந்நிறுவனமும் மென்பொருளைத் தந்த சப்போர்ட்.காம் நிறுவனமும் 2019-இல் மொத்தம் 3.5 கோடி டாலர் கட்டின.

நோட்டம் பார்க்க நேரம் பிடிக்கும், அதற்கு யாரும் கூலி தருவதில்லை என்பது உங்கள் தரப்பு நியாயம். அந்தக் கூலியைத் தனியே கேளுங்கள். காரணத்தை விளக்கினால் கொடுக்க மனம் இருப்பவர்கள் பலர் இருக்கிறோம். பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று ஒற்றை வரி போடாமல், என்ன கண்டுபிடித்தீர்கள், எங்கிருந்து நீக்கினீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். ஃபார்மேட் தவிர வழியில்லை என்றால், டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும் இருப்பவை சி டிரைவோடு சேர்ந்தே அழியும் என்பதை வாடிக்கையாளரிடம் சொல்லி, வேண்டியவற்றை அவர் கண்முன்னே நகலெடுத்த பின் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர்